மழை இறங்கும் இடம்

1896ஆம் ஆண்டில் இந்தப் பக்கத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று சிங்கப்பூரில். காட்ஸ் பிரதர்ஸ் என்ற வணிக நிறுவனம் ஒரு பென்ஸ் காரை இறக்குமதி செய்தது. அதை வாங்கியவர் சார்ல்ஸ் பக்லி என்ற வழக்கறிஞர். தெருவில் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு போன அந்த வண்டிக்கு விழுந்த பெயர் 'காப்பி மெஷின்'. இன்னொன்று மலாக்காவில். டான் சே யான் என்ற பெரானாக்கான் சீனர் புக்கிட் லிந்தாங்கில் ஏறக்குறைய 40 ஏக்கரில் ரப்பர் கன்று நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்கென்று போடப்பட்ட முதல் ரப்பர் தோட்டம் அதுதான்.

காருக்கு டயர் வேண்டும், டயருக்கு ரப்பர் வேண்டும் என்பது பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. காருக்கும் கித்தா மரத்துக்கும் இன்னொரு சொந்தமும் உண்டு. அது மழை.

அந்த பென்ஸ் காருக்கு நிலையான கூரை கிடையாது. கித்தா மரத்துக்கும் கிடையாது. அதைச் சீவப் போகிறவருக்கும் கிடையாது. அடுத்த நூறு வருடங்களில் காருக்குக் கூரை வந்தது. பிறகு அந்தக் கூரையை மடக்கவும் விரிக்கவும் மோட்டார் வந்தது. கடைசியில் அந்த மோட்டாரே மழைத்தண்ணீரில் மூழ்கிச் செத்துப்போனது. அதை வெளியே எடுத்து, ஈரம் படாத இன்னொரு இடத்தில் வைக்கிற வேலையைப் பழைய காடி வைத்திருக்கும் பலர் இன்று பல நாடுகளில் செய்கிறார்கள். பார்த்தால் ஒரு சனிக்கிழமை ரிப்பேர் வேலை. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு பழைய கேள்வி நிற்கிறது. மழை பெய்தால் நட்டம் யார் கணக்கில் விழும்?

மூலையில் ஒரு மோட்டார்

நம் ஊரில் மோட்டார் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மோட்டார்சைக்கிள்தான். இங்கே சொல்வது வேறு. கையடக்கமான ஒரு மின்மோட்டார், அதோடு ஒட்டிய எண்ணெய் பம்பு. சுவிட்சை அழுத்தினால் மோட்டார் சுற்றும். பம்பு எண்ணெயைக் குழாய்கள் வழியாகத் தள்ளும். அந்த அழுத்தத்தில் கூரையின் இரண்டு பக்கத்திலும் இருக்கும் உருளைகள் நீளும், சுருங்கும். துணிக்கூரை பாய் சுருட்டின மாதிரி மடங்கி, இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

இதற்கு நன்றாகத் தெரிந்த உதாரணம், 2002 முதல் 2008 வரை தயாரான பி.எம்.டபிள்யூ. இசட்4 வண்டியின் முதல் தலைமுறை. இ85 என்பது அதன் குறியீடு. அதில் இந்த மோட்டாரை வைத்தது கூரை மடங்கும் பள்ளத்தின் இடது மூலையில், அடித்தட்டில். வண்டியின் பின்பாதியில் மழைத்தண்ணீர் வந்து சேருகிற இடமும் அதுதான்.

இது எப்படி என்று யோசித்தால் முதலில் கொஞ்சம் விசித்திரமாகத்தான் தெரியும். துணிக்கூரை வண்டியைப் பற்றி வெளியே இருப்பவர்கள் நினைப்பது, மூடிவிட்டால் ஒரு சொட்டும் உள்ளே வராது என்று. ஆள் உட்காரும் இடத்துக்கு அது சரி. கூரைப் பள்ளத்துக்கு அது பொருந்தாது. துணியில் விழும் தண்ணீர் ஓரங்களில் வழிந்து அந்தப் பள்ளத்துக்குள் இறங்கத்தான் செய்யும். இறங்கின தண்ணீர் அடியில் இருக்கும் ஒரு துளை வழியாக, குழாயில் போய், தரையில் கொட்டிவிட வேண்டும். வீட்டுக் கூரைக்குப் பீலி இருப்பதுபோல, இதற்கு அந்தத் துளை.

துளை திறந்திருக்கும்வரை எல்லாம் சரி. மரத்தடியில் நிறுத்துகிற வண்டிக்கு இலை விழும், பூ விழும், காம்பு விழும். அது மக்கிப் பொடியாகி, தூசியோடு சேர்ந்து களியாகித் துளையை அடைக்கும். அடுத்த மழையில் தண்ணீர் நிற்கும். அதற்கடுத்த மழையில் ஏறும். மோட்டார் சத்தம் உள்ளே கேட்கக்கூடாது என்பதற்காக அதைச் சுற்றிப் பஞ்சுபோல ஒரு நுரையுறை வைத்திருப்பார்கள். அந்த உறை தண்ணீரைக் குடித்துவிட்டு விடாமல் பிடித்துக்கொள்ளும். மழை நின்று வாரம் கழிந்தாலும் மோட்டார் ஈரத்திலேயே உட்கார்ந்திருக்கும். துரு பிடிக்கும். ஒருநாள் சுவிட்சை அழுத்தினால் ஒரு முனகல், அடுத்த நாள் அதுவும் இல்லை. 'மோட்டார் போயிடுச்சு' என்பார் போர்மேன்.

கம்பெனி முறைப்படி தீர்வு, புது மோட்டார் வாங்கி அதே மூலையில் வைப்பது. செலவு பெரிது. அதைவிடக் கசப்பான விஷயம், புது மோட்டாரும் அதே குட்டையில்தான் உட்காரும். அதனால் வண்டிக்காரர்களும் பட்டறைக்காரர்களும் வேறு வழி கண்டுபிடித்தார்கள். மூலையிலிருந்து மோட்டாரை மேலே இழுத்து எடுப்பது. எண்ணெய்க் குழாய்களைக் கழற்றாமல், வளைத்துப் பின்பெட்டிக்குள் கொண்டுவருவது. மின்வயர் எட்டாவிட்டால் ஒட்டு வைத்து நீட்டுவது. வயரும் குழாயும் தகட்டைத் தாண்டும் ஓட்டையில் ரப்பர் வளையம் போட்டுத் தண்ணீர் வராமல் அடைப்பது. காய்ந்த நுரையில் சுற்றி, தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில் கட்டி வைப்பது. பின்பெட்டியில் கொஞ்சம் இடம் போகும். கூரை மடங்கும்போது சத்தம் கூடக் கேட்கும். ஆனால் மோட்டார் பிழைத்துக்கொள்ளும்.

ஒரு விஷயம் மட்டும் மறக்கக்கூடாது. மோட்டாரை மாற்றிவிட்டோம் என்று துளையைச் சுத்தம் செய்யாமல் விட்டால் தண்ணீர் சும்மா இருக்காது. வேறு வழி தேடும். கம்பளத்துக்கு அடியில் இறங்கும், அங்கே இருக்கும் மின்பெட்டிகளை நனைக்கும். இடம் மாற்றுவது மோட்டாரைத்தான் காப்பாற்றும். மழையை அது நிறுத்தாது.

பொறியாளர்கள் ஏன் அங்கே வைத்தார்கள்? அவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அந்த மூலைக்கு நியாயங்கள் இருக்கின்றன. உருளைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பின்பெட்டி இடத்தைத் தின்னவில்லை. கண்ணுக்குத் தெரியவில்லை. சத்தம் அமுங்குகிறது. வரைபடத்தில் பார்த்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. ஏனென்றால் வரைபடத்தில் அந்தத் துளை எப்போதும் திறந்தே இருக்கிறது. அங்கே இலை உதிர்வதில்லை.

கூரை நடந்து வந்த வழி

காருக்கு முன்பே மடக்குக் கூரை உண்டு. குதிரை வண்டிகளில் இருந்தது. அதற்குத் துணி வேண்டும், அந்தத் துணி நனையக்கூடாது. 1823இல் ஸ்காட்லாந்துக்காரரான சார்ல்ஸ் மெக்கின்டாஷ், ரப்பரை நாஃப்தாவில் கரைத்து இரண்டு துணிகளுக்கு நடுவில் பூசி ஒட்டினார். மழை உள்ளே வராத துணி கிடைத்தது. ஆனால் வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. 1839இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் அந்தக் குறை போய்விடும் என்று கண்டார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் 1843இல் அதே வேலைக்குக் காப்புரிமை வாங்கினார். ரப்பர் உலகத்துக்குத் தன்னை முதலில் விற்றுக்கொண்டதில் மழைக்குப் பெரிய பங்கு உண்டு. டயர் பிறகுதான் வந்தது. காற்றடைத்த டயரை டன்லப் பெல்ஃபாஸ்ட்டில் செய்தது 1888இல்.

ஆரம்பகாலக் கார்கள் பெரும்பாலும் திறந்தவை. 1908இல் வந்த ஃபோர்டின் மாடல் டி வண்டியில் அதிகம் விற்றது துணிக்கூரை வகை. கூரையைத் தூக்கிப் பூட்ட இரண்டு பேர் வேண்டும். பக்கங்களில் திரை மாட்டவேண்டும். மாட்டி முடிப்பதற்குள் மழையும் நின்றுவிடும். 1919 வாக்கில்கூட அமெரிக்காவில் விற்ற கார்களில் பத்தில் ஒன்பது இப்படித் திறந்தவைதான். 1922இல் எசெக்ஸ் நிறுவனம் மூடிய காரை மலிவு விலைக்கு இறக்கியது. மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். 1920களின் கடைசியில் கணக்கு தலைகீழாக மாறி, மூடிய கார்களே பெரும்பான்மையாகிவிட்டன.

அப்போதே மடக்குக் கூரை செத்திருக்க வேண்டும். மழைக்கு இரும்புக் கூரை என்ற எளிய பதில் கிடைத்துவிட்டது. ஆனால் வானத்தைப் பார்த்துக்கொண்டு போகிற ஆசை சிலருக்குப் போகவில்லை. ஏழைக்குக் கூரை இல்லாமல் இருந்தது வேறு. பணக்காரனுக்குக் கூரை வேண்டும்போது இருந்து, வேண்டாதபோது காணாமல் போவது வேறு. மடக்குக் கூரை ஆடம்பரமாக மறுபிறவி எடுத்தது.

ஆடம்பரத்தில் கை வலிக்கக்கூடாது. பாரிஸில் ஜார்ஜ் பாலான் என்றொருவர் இருந்தார். தொழிலால் பல் மருத்துவர், மனத்தால் கார் வடிவமைப்பாளர். இரும்புக் கூரையையே பின்பெட்டிக்குள் மடக்கி வைக்கும் வழியை யோசித்துக் காப்புரிமை வாங்கினார். 1930களின் நடுவில் பெஜோ நிறுவனம் 'எக்லிப்ஸ்' என்ற பெயரில் அப்படிப்பட்ட வண்டிகளை விற்றது. எக்லிப்ஸ் என்றால் கிரகணம். அமெரிக்காவில் 1939இல் பிளிமத் வண்டியில் இயந்திரத்தின் உறிஞ்சு விசையைக் கொண்டு துணிக்கூரை தானாக மடங்கியது. அடுத்த பத்தாண்டில் மின்மோட்டாரும் எண்ணெய் பம்பும் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. 1951இல் ஜெனரல் மோட்டார்ஸ் காட்சிக்கு வைத்த லெசேபர் வண்டியில் ஓர் உணர்கருவி இருந்தது. மழைத்துளி பட்டால் ஆள் இல்லாவிட்டாலும் கூரை தானே மூடிக்கொள்ளும். 1957இல் ஃபோர்டின் ஸ்கைலைனர் வந்தபோது, ஓர் இரும்புக் கூரையை மடக்க ஏழு மோட்டார்களும் அறுநூறு அடிக்கு மேற்பட்ட வயரும் தேவைப்பட்டன.

இந்த வரிசையைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கலாம். முதலில் பயணி நனைந்தார். பிறகு துணி நனைந்தது. பிறகு துணியைத் தூக்குகிற கைக்குப் பதில் இயந்திரம் வந்தது. இயந்திரம் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று அதைக் கீழே, உள்ளே, மூலையில் ஒளித்தார்கள். எந்தக் கட்டத்திலும் மழை குறையவில்லை. அது விழுகிற இடம்தான் மாறிக்கொண்டே வந்தது, மேலே இருப்பவரிடமிருந்து கீழே இருப்பதற்கு.

தீம்பாரில் மழை

மலாக்காவுக்குத் திரும்புவோம். டான் சே யானுக்குக் கன்று கொடுத்து ஊக்கியவர் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ஹென்றி ரிட்லி. ரப்பர் நடச் சொல்லி ஊரெல்லாம் அலைந்ததால் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பேர் வாங்கியவர். 1898இல் டான் சே யானும் அவருடைய கூட்டாளிகளும் ஜாசின் பக்கம், லேடாங் மலையடிவாரத்தில் இருக்கும் புக்கிட் அசஹானில் சுமார் 3000 ஏக்கரில் இறங்கினார்கள். பத்து வருடத்துக்குள் ரப்பர் பைத்தியம் லண்டன் பங்குச்சந்தைவரைக்கும் பரவிவிட்டது. 1910இல் விலை உச்சத்துக்குப் போனது. டயர் கம்பெனியான டன்லப்பே மலாயாவில் தோட்டங்கள் வாங்கியது, மலாக்காவிலும் வாங்கியது. ஆள் வேண்டும் என்று கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போனார்கள்.

ரிட்லியின் முக்கியமான பங்கு கன்று கொடுத்தது மட்டும் இல்லை. மரத்தைக் கொத்திக் குதறாமல், பட்டையை மெல்லிசாகச் சீவி, அதே வெட்டை மறுபடி மறுபடி திறந்து பால் எடுக்கும் முறையை நிலைநாட்டியது அவர்தான். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மரத்தின் பாதிச் சுற்றுக்கு, இடது பக்கம் மேலிருந்து வலது பக்கம் கீழே சரிவாக ஒரு கோடு. அந்தச் சரிவு ஏறக்குறைய 30 பாகை. கோட்டின் கீழ்முனையில் ஒரு தகர நாக்கு, அதற்கடியில் மங்கு. உளி ஒரு மில்லிமீட்டர் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். ஆழம் குறைந்தால் பால் இல்லை. சரிவு தட்டையானால் பால் தேங்கி வெளியே வழியும்.

அந்த வெட்டுக்கோடு உண்மையில் ஒரு பீலி. மேலே இருக்கும் திரவத்தை, வேண்டிய வழியில், வேண்டிய இடத்துக்கு இறக்குகிற வாய்க்கால். தினமும் நானூறு ஐந்நூறு மரத்தில் அந்த வாய்க்காலைக் கையால் வெட்டினவர்கள் நம் பாட்டிகளும் தாத்தாக்களும். ஒரு துளி எங்கே போகும் என்பதை அவர்களைவிட நுட்பமாகப் பார்த்த கண்கள் அந்தக் காலத்துக் கார் தொழிற்சாலைகளில் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இப்போது மழையைக் கொண்டுவருவோம். பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் நிற்காது. ஈரத்தோடு சேர்ந்து மரமெங்கும் பரவி வழிந்து வீணாகும். மங்கில் தண்ணீர் விழுந்தால் பால் கெடும். ஈர வெட்டில் பூஞ்சை பிடித்துப் பட்டை அழுகும். அதனால் மழை பெய்தால் மரம் சீவுவது கிடையாது. மரம் சீவ ஏற்ற நேரமோ விடியற்காலை. வெயில் ஏறுவதற்கு முன் மரத்துக்குள் நீர் அழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நிறைய நேரம் ஓடும். மேற்குக் கரையின் வானிலைக்கு இது தெரியுமா என்ன? ஏப்ரல் முதல் நவம்பர்வரை சுமத்ராவிலிருந்து நீரிணையைத் தாண்டிவரும் புயற்காற்று மழைக்கு 'சுமத்ரா' என்றே பெயர். அது மலாக்காக் கரைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும். பெரட்டுக்கு ஆள் நிற்கும் அதே நேரம்.

மழையால் கம்பெனிக்கும் நட்டம்தான். ஆனால் மரத்தில் இருக்கும் பால் எங்கும் ஓடிவிடாது. நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம். தொழிலாளியின் நாள் அப்படி இல்லை. 1920களின் பிற்பகுதியில் நிர்ணயிக்கப்பட்ட கூலி ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. வேலை செய்த நாளுக்குத்தான் கூலி. மழை பெய்த நாளில் வேறு வேலை கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. மாதக் கடைசியில் கடைக்கணக்கு மட்டும் மழை வெயில் பார்க்காமல் வந்து நிற்கும். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்காவில் கார் விற்பனை விழுந்தபோது அந்தக் கூலியும் வெட்டப்பட்டது. 1930க்கும் 1932க்கும் இடையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் மலாயாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

கார்க்காரன் மழையிலிருந்து தப்பிக்க என்னென்னவோ கருவி வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், ரப்பர் எடுத்தவர்களுக்கு மழை என்றால் சம்பளம் இல்லாத நாள். கம்பெனிகள் அதை இயற்கையின் செயல் என்று சொன்னன. மழை இயற்கைதான். மழைநாளின் நட்டத்தை நாள்கூலியில் இறக்கி வைத்தது இயற்கை இல்லை. அது ஒரு வடிவமைப்பு. தண்ணீர் எங்கே போய்ச் சேரவேண்டும் என்று யாரோ மேஜைமேல் வைத்து வரைந்த கோடு.

1942

இந்த இரண்டு கதைகளும் ஒரு வருடத்தில் இருட்டாகின்றன. மடக்கு இரும்புக் கூரையைக் கண்டுபிடித்த ஜார்ஜ் பாலான், நாஜிகள் பிடித்த பிரான்சில் எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்து உளவு வேலை செய்தார். பிடிபட்டார். 1942 மார்ச்சில் ஜெர்மானியர்கள் அவரைச் சுட்டுக்கொன்றார்கள்.

அதே ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்திருந்தது. தோட்டங்களில் ரப்பர் வாங்க ஆள் இல்லை. வேலை இல்லாமல் நின்ற தமிழர்களில் பல்லாயிரம் பேரைச் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். 1943 பருவமழையில் அந்த முகாம்களில் காலரா பரவியது. ஒழுகுகிற கொட்டகைகளில், சேற்றில் கிடந்து செத்தவர்களுக்குச் சரியான கணக்குக்கூட எழுதப்படவில்லை.

மலாயா ரப்பர் கைவிட்டுப் போனதும் அமெரிக்கா செயற்கை ரப்பர் தொழிற்சாலைகளை அவசரமாகக் கட்டியது. போர் முடிவதற்குள் அது ஒரு பெருந்தொழில் ஆகிவிட்டது. போருக்குப் பிறகு கார்களின் மழைத்தடுப்பு ரப்பரும் மெல்ல மாறியது. நம் மரத்துப் பால் ரப்பருக்கு ஒரு பலவீனம் உண்டு. வெயிலிலும் காற்றில் இருக்கும் ஓசோனிலும் நாளாக நாளாக வெடிப்பு விழும். 1960களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்த இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பருக்கு அந்த நோய் இல்லை. இன்று கார்க் கதவைச் சுற்றியும் மடக்குக் கூரையின் ஓரத்திலும் இருக்கும் கறுப்புப் பட்டி பெரும்பாலும் அதுதான். மழைத்துணியில் ஆரம்பித்த மரத்து ரப்பர், காரில் மழையைத் தடுக்கும் வேலையை இழந்துவிட்டது. டயரில் மட்டும் அதன் இடம் உறுதி. சாலையில் தேய்கிற வேலையை அது இன்னும் செய்கிறது.

இடம் மாற்றுதல்

கேரளத்து ரப்பர் தோட்டங்களில் மழைக்காலத்தில் ஒரு காட்சி பார்க்கலாம். ஒவ்வொரு மரத்துக்கும் வெட்டுக்கு மேலே பாவாடை கட்டின மாதிரி பிளாஸ்டிக் தாள். மேல் ஓரத்தைத் தார்ப்பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். மரத்தில் வழிகிற தண்ணீர் அந்தப் பாவாடையில் ஏறி வெளியே விழும், வெட்டும் மங்கும் காய்ந்திருக்கும். மழைக்காவல் என்று சொல்லலாம். மோட்டாரைப் பின்பெட்டிக்கு மாற்றுவதும் மரத்துக்குப் பாவாடை கட்டுவதும் ஒரே புத்திதான். இரண்டும் தண்ணீர் வரும் வழியைப் பார்த்துச் செய்கிற வேலை. ஒன்றில் நனையக்கூடாததைத் தள்ளி வைக்கிறோம், இன்னொன்றில் தண்ணீரைத் தள்ளி விடுகிறோம்.

கூலியிலும் இப்படி ஓர் இடமாற்றம் வேண்டியிருந்தது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான பிறகு, பல பத்தாண்டுகளாக எழுந்த கோரிக்கை மாதச் சம்பளம். கேட்டது என்னவோ எளிமையானது. மழைநாளின் நட்டத்தை எங்கள் மடியிலிருந்து எடுத்து, அதைத் தாங்கக்கூடிய இடத்தில் வையுங்கள். தோட்ட முதலாளிகள் விலை ஏற்ற இறக்கத்தைக் காட்டினார்கள், உற்பத்தியைக் காட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது, அந்த இடது மூலைக்கு நியாயங்கள் இருந்ததுபோலவே. எல்லாத் தொழிலுக்கும் பொதுவான சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம், தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட், நடைமுறைக்கு வந்தது 2013 ஜனவரியில். புக்கிட் லிந்தாங்கில் முதல் கன்று நட்டு 117 வருடம் கழித்து.

அதற்குள் தோட்டத்தில் எத்தனை பேர் மிச்சம்? ரப்பர் இருந்த இடங்களில் செம்பனை வந்தது. செம்பனை போய் வீட்டுமனைகளும் தொழிற்பேட்டைகளும் வந்தன. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மலாக்கா நகரத்து ஓரங்களிலும் குடியேறின. பிள்ளைகள் பத்து பெரெண்டாம் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள், கார் பட்டறைகளில் உளிக்குப் பதில் ஸ்பேனர் பிடித்தார்கள். 2003 முதல் அலோர் காஜாவின் பெகோவில் ஹோண்டா கார் தொழிற்சாலையே ஓடுகிறது. ரப்பர் அனுப்பிய மாநிலம் காரைச் செய்து அனுப்புகிறது. 1896இன் இரண்டு காரியங்களும் கடைசியில் ஒரே மாநிலத்துக்குள் வந்துவிட்டன.

தொழில்நுட்ப வரலாறு என்றால் கண்டுபிடித்தவர்களின் பட்டியல் என்று நமக்குப் பழக்கமாகிவிட்டது. யார் முதலில் செய்தார், எந்த வருடம். அந்தப் பட்டியலில் ரிப்பேர் செய்கிறவருக்கு இடம் இல்லை. கூரை மோட்டாரை முதன்முதலில் பின்பெட்டிக்கு மாற்றியவரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் வராது. அந்த வெட்டுக்கோட்டைத் தினமும் சரியாகச் சீவியவர்களின் பெயர்களும் வரவில்லை. ஆனால் வரைந்தவர் பார்க்காத ஒன்றை அவர்கள் பார்த்தார்கள். வரைந்தவருக்குத் தண்ணீர் ஒரு அம்புக்குறி. இவர்களுக்கு அது கையில் பட்ட ஈரம்.

அதனால்தான் இந்தச் சின்ன ரிப்பேரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. மூழ்குகிற இடத்தில் ஒன்றை வைத்துவிட்டு, அது மூழ்கும்போதெல்லாம் புதுசு வாங்கி அதே இடத்தில் வைப்பது ஒரு வழி. தோட்டங்கள் ஆட்களை அப்படித்தான் நடத்தின. ஊரிலிருந்து புது ஆள் வரும், அதே லயத்தில், அதே நாள்கூலியில் உட்காரும். இடத்தையே மாற்றவேண்டும் என்று கேட்பது இன்னொரு வழி. அதற்குக் கொஞ்சம் இடம் விட்டுக்கொடுக்க வேண்டும், கொஞ்சம் சத்தம் பொறுத்துக்கொள்ள வேண்டும். மோட்டாருக்கு அதைச் செய்ய ஒரு சனிக்கிழமை போதுமாக இருக்கிறது.

மடக்குக் கூரை காடி வைத்திருப்பவர் இதைப் படிக்கிறீர்களென்றால் ஒரு வேலை செய்யுங்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கித்தா மரம் இலை உதிர்க்கும் நேரம் முடிந்ததும் கூரையைப் பாதி திறந்து நிறுத்தி, பள்ளத்தின் அடியில் கைவிட்டுப் பாருங்கள். அந்தத் துளையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். வண்டிக்கு அடியில் உடனே கொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். கொட்டவில்லையென்றால் தண்ணீர் உள்ளே எங்கேயோ நிற்கிறது. அடுத்த சுமத்ரா வருவதற்குள் அது எங்கே என்று கண்டுபிடித்துவிடுங்கள்.